நாங்களும் ஒரு குரூப்தான்

"திடீர்னு ஒரு குரூப் வந்துடுச்சு" என்று சொல்லி போனை வைத்துவிட்டீர்கள். காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வது? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மியூசியத்தைச் சுற்றிக்காட்டும் கைடுக்கு, பெற்ற பிள்ளைகளோடு கோட்டை பார்க்க இந்த முறையும் நேரமில்லை.

நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். சாப்பாடு ஃபிரிட்ஜில் இருக்கிறது. சாயங்காலம் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவரையாவது காக்க வைக்காதீர்கள்.

நாளை திரும்பும் வழியில் உங்கள் மியூசியத்துக்கே வருகிறோம். டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்போம். நாங்களும் ஒரு குரூப்தான்.

பி.கு.: சின்னவள் கேட்கிறாள், "அங்க அப்பாவைத் தொடலாமா, இல்ல தொடாதேன்னு போர்டு போட்டிருக்குமா?" வாசலில் வந்து நின்று நீங்களே பதில் சொல்லுங்கள்.