வெறும் எழுத்தில் ஒரு சிவப்பு

தோழி,

கடைக்குப் புதுக் கணினி வந்திருக்கிறது. காலையில் அதில் முதல் மின்னஞ்சலைத் தொடங்கியபோது, வண்ணமும் படமும் சேரும் எச்.டி.எம்.எல். வடிவமா, வெறும் எழுத்தா என்று கேட்டது. வெறும் எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பழக்கத்தில் உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

உனக்கு அலங்காரம் பிடிக்கும். நம் பட்டுக்கடையிலிருந்து போகும் ஒவ்வொரு மின்னஞ்சலும் உன் கையில் கல்யாணப் பத்திரிகையாகிவிடும். வண்ண எழுத்து, பூ ஓரம், நடுவில் புடவைப் படங்கள்.

"படத்தைத் தனியா இணைச்சா போதாதா?" என்பேன்.

"கரண்ட் பில்லா அனுப்பிக்கினு இருக்கோம்? பட்டும்மா!" என்று சிரிப்பாய்.

மகள் கல்யாணத்துக்குப் புடவை கேட்டிருந்த அந்த அம்மா, பினாங்கிலிருந்து போனில் பேசியது ஒரு மத்தியானம். ஒலிபெருக்கியில் போட்டாய். "எனக்குப் பாதி வயசுல கண்ணு போயிடுச்சும்மா. மின்னஞ்சலைக் கணினிதான் வாசிச்சுக் காட்டும். உங்களோடதைத் திறந்தா 'படம், படம்'னு சொல்லிட்டு நின்னுடுது. மக முகூர்த்தப் புடவையை நானே எடுக்கணும்னு ஆசை."

உனக்குக் கண் நிறைந்துவிட்டது. "சாயந்தரத்துக்குள்ள வேற அனுப்புறேம்மா" என்றாய்.

சாப்பிடக்கூட எழவில்லை. எல்லாவற்றையும் அழித்து வெறும் எழுத்துக்கு மாற்றினாய். மகள் பார்ப்பதற்குப் படங்களைத் தனித்தனி இணைப்பாக்கினாய். பிறகு புடவைகளை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பிடுங்கினாய்.

"இந்தச் செவப்பை இன்னான்னு சொல்றது?"

"அரக்குன்னு போடு."

"அரக்குல எவ்ளோ இருக்குது! அவங்க பாத்ததா இருக்கணும்பா."

கடைசியில் எழுதினாய்: 'வெற்றிலை போட்டு வெகுநேரமான பிறகும் உதட்டில் தங்கியிருக்குமே, அந்தச் சிவப்பு. கரையில் ஜரிகை மேடாக இருக்கும், விரலுக்குத் தெரியும்.'

மகள் படங்களைப் பார்த்து வேறொன்றைச் சொன்னாளாம். அம்மாவோ உன் வரிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இதுதான் என்றாராம். கல்யாணம் முடிந்து நம் ஊர்க் கோவிலுக்கு வந்தவர்கள் நம் கடைக்கும் வந்தார்கள். அந்த அம்மா உன் கையைத் தேடிப் பிடித்தார். "மணையில அவ பக்கத்துல நின்னப்ப, அந்தச் சிவப்பு எனக்குத் தெரிஞ்சுதும்மா" என்றார். அதன்பின் நீ பூ ஓரம் போடவேயில்லை.

இப்போது அந்த வரிகளை நான்தான் எழுதுகிறேன்; உன்னைப்போல எனக்குச் சொல் வராது. போன வாரம் ஒரு பச்சையோடு நாளெல்லாம் தவித்தேன். செவிலிமேட்டுப் பேருந்தில் வீடு திரும்பும்போது, மழை விட்ட வயலில் நாற்றங்காலைப் பார்த்ததும் கிடைத்துவிட்டது. "நாத்துப் பச்ச!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்திலிருந்த பெண், "இன்னாக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்லமா. சிநேகிதி ஒருத்திக்குச் சொல்லணும்" என்றேன்.