கொண்டைக்கு இடமில்லாத பானட்

ஆகஸ்ட் 3

காலையிலேயே சண்டை. நாத்தனார் மெர்ல் என் துணிக் கத்திரியை எடுத்துக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். துணிக் கத்திரி துணிக்கு மட்டும்தான் என்று எத்தனை தடவை சொல்வது? பிடுங்கிக்கொண்டேன்.

"கத்திரிதானேடி வெண்டி, வைரமா?"

அவள் வந்தது குடும்பத்துப் பானட்டைக் கொடுக்க. தாடைக்குக் கீழே நாடா கட்டும் பழங்காலத் தொப்பி. அந்தக் காலத்தில் இங்கிலாந்து தன் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய இந்த டாஸ்மேனியாவுக்கு அவர்கள் வம்சத்தில் முதலில் வந்த ஹன்னா, தன் கல்யாணத்தில் போட்டது. செப்டம்பரில் முன்னோர் நினைவாக நடக்கும் ஊர்வலத்தில் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் இதேபோல் போட்டு நடக்க வேண்டுமாம். அளவெடுத்துக் காகிதத்தில் பேட்டர்ன் எடுக்க வேண்டியது நான்.

"கைதிக் கப்பல்ல இல்ல, காசு குடுத்து வந்தவ எங்க ஹன்னா." நூறாவது முறை.

கீமோ முடிந்து சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை.

ஆகஸ்ட் 6

ஹன்னாவின் தையலைப் பிரிக்கக் கூடாது. மெல்லிய காகிதத்தை மேலே போர்த்தி, தையல் ஓடும் வழியெல்லாம் பழைய ஊசித் துளைகளிலேயே குண்டூசி இறக்கி அளவெடுக்கிறேன். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. தையல் என்ன தையல்! அவசரத்தில் தைத்தவள், ஆனால் கை தேர்ந்தவள்.

ஆகஸ்ட் 11

வெள்ளைத் துணியில் ஒன்று தைத்து மெர்லுக்குப் போட்டுப் பார்த்தோம். உச்சந்தலையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

"பொம்மைக்காடி தெச்சிருக்க?"

"உங்க கொண்டைதான் இடிக்குது."

அந்தச் செம்பட்டைக் கொண்டையைச் சொன்னால் பொறுப்பாளா? "எங்க வீட்டுப் பொண்ணுங்க முடி அப்படித்தான். ஹன்னாவுக்கும் இருந்திருக்கும். நீ அளவ தப்பா எடுத்துட்ட. பெரிசாக்கு."

மறுபடி அளந்தேன். தப்பில்லை. அந்தக் காலத்துப் பானட்டில் பின்னால் கொண்டைக்கென்று தூக்கி வைத்திருப்பார்கள். இதில் தட்டை. முடி வைத்த எந்தப் பெண் தலை இதற்குள் போகும்?

ஆகஸ்ட் 12

கம்பளிக் குல்லா அரித்தது, கழற்றினேன். சும்மா அந்த வெள்ளைப் பானட்டைத் தலையில் வைத்தேன்.

சிக்கென்று உட்கார்ந்துவிட்டது. காது, பிடரி, நெற்றி, எல்லாம் கச்சிதம்.

கண்ணாடி முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். மொட்டைத் தலைக்கு வெட்டிய தொப்பி இது. ஐயோ. அந்தக் காலத்தில் யாருக்கு மொட்டை? காய்ச்சல் வந்தவளுக்கு. அப்புறம் — பெண்கள் சிறையில் அடங்காதவளுக்குத் தண்டனையாக முடியை ஒட்ட வெட்டுவார்கள்.

காய்ச்சலாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 13

காய்ச்சல் இல்லை. முன்விளிம்புச் சுருக்கத்தின் மடிப்பைப் பார்க்கத் திருப்பினேன். உள்ளே ஒரு பட்டை முடி. செம்பட்டை முடி! நெற்றியில் எட்டிப் பார்க்கும்படி, பானட் தைத்த அதே நூலால் தைத்திருக்கிறாள். அதைத் தைத்திருப்பது சிறையில் கொடுக்கும் முரட்டுத் துணியில். ஓரத்தில், கைதிகளின் துணியில் குத்தும் அரசாங்கத்து அம்பு முத்திரை பாதி தெரிகிறது.

 ஊருக்குத் தெரியாமல் இருக்க ஹன்னா முடியை வைத்துத் தைத்தாள். நானும் இத்தனை மாதமாகக் குல்லாவோடு திரிகிறேன். மெர்ல்கூட என் தலையைப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 14

மெர்லிடம் சொல்லிவிட்டேன். நம்பவில்லை.

"உளறாத. எங்க குடும்பத்துல கைதியா?"

வேறு வழி தெரியவில்லை. அவள் எதிரிலேயே குல்லாவைக் கழற்றி, நான் தைத்த வெள்ளைப் பானட்டைப் போட்டுக் காட்டினேன்.  என் தலையைப் பார்த்தாளா, பானட்டைப் பார்த்தாளா, தெரியவில்லை. ஹன்னாவின் பானட்டைச் சுருட்டாத குறையாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

காட்டியிருக்கக் கூடாதோ?

ஆகஸ்ட் 22

போன் இல்லை. நானும் பண்ணவில்லை. பேட்டர்னைப் பெரிசாக்கவும் இல்லை.

செப்டம்பர் 2

மெர்ல் வந்தாள். வணக்கமும் இல்லை, வம்பும் இல்லை. பானட்டை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தாள். முடி இடுப்புவரை விழுந்தது.

"பெரிசாக்க வேணாம். அவ அளவுலயே எனக்கும் வேணும்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"வெட்டுடி, நான் மனசு மாறுறதுக்குள்ள. உனக்கும் ஒண்ணு தெச்சுக்கோ. என் பக்கத்துல நடக்கப் போறவ நீதான்." அழுதுகொண்டே திட்டினாள்.

முடி வெட்டும் கத்திரியைத் தேடினேன். இந்த வீட்டில் அதற்கு எப்போதோ வேலை போய்விட்டது, கிடைக்கவில்லை.

துணிக் கத்திரியை எடுத்தேன்.