மணற்குடிக்கு வராமற்போன ஏவல்

மழை பொய்யாத கொன்றைநாட்டை ஆளும் நெடுவேள் மன்னர் ஆணைப்படி, மணற்குடி ஏரியின் மடைநாயகம் பூதங்கோதையார்க்கு அரண்மனை ஓலைநாயகம் ஆதன் சேந்தன் தன் கையால் எழுதுவது. உம் ஏரியும் கரையும் கரையை நம்பிய குடிகளும் நலம் பெறுக.

அரண்மனை ஏவல் செல்லும் முறையை நீவிர் அறிவீர். ஆயினும் குற்றம் புகுந்த இடம் விளங்கச் சொல்லப்படுகிறது. ஒரே கயிற்றில், முதல் ஓலை நறுக்கில் அழைக்கப்படுவோர் பதவிப்பெயரும், அடுத்தவற்றில் ஏவற்சொற்கள் ஒவ்வொன்றும், முடிவு காட்ட எழுதா நறுக்கு ஒன்றும் கோக்கப்படும். ஊர்ப்பெயர் அதில் இராது. தூதன் தன் வழியோலையில் ஊர்கள் உள்ள வரிசைப்படியே தேடி, அப்பதவியில் முதலில் கண்டவரிடம் கொடுத்துத் திரும்புவான். பெற்றவர் தாம் நிற்கும் இடத்திலேயே அதைச் செய்வார்.

சென்ற ஐப்பசியில் மன்னர் அவை நடுவே உம்மைப் புகழ்ந்து, தம் தோளிற்கிடந்த பட்டாடையை உமக்குப் போர்த்தினார். இருபதாண்டு எழுதித் தேய்ந்து, இதையும் எழுதும் சேந்தனுக்கோ ஒரு நூலும் விழுந்ததில்லை. அன்றுமுதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. உம் பெயர் காதில் விழுந்தாலே வயிறு எரிந்தது. வழியோலையில் மணற்குடிக்கு மேலே ஆலம்பட்டு என்னும் ஊரை எழுதிவைத்தான். அங்கே மடைநாயகம் அவன் மைத்துனன் கீரன். வரும் புகழெல்லாம் இனி வீட்டோடு தங்கும் என்று மகிழ்ந்தான்.

கார்த்திகைப் பெருமழையில், வடமதகில் மூன்று பலகை திறக்குமாறு உம் ஏரிக்காக விடுத்த ஏவல் கீரன் கைக்குப் போயிற்று. அவன் சொல் பிசகாமல் தன் ஏரியின் வடமதகைத் திறந்து, பாதி நிறைந்திருந்த நீரையும் ஓடவிட்டான். மணற்குடியில் வெள்ளம் கரைவிளிம்பைத் தொட்டது. ஏவலின்றி மதகைத் தொட்டால் பதவி போகும் என்றறிந்தும் நீவிர் திறந்தீர். கரை நின்றது.

சேந்தன் நாணினானா என்றால், இல்லை. ஆணை மீறினீர் என்று உம் பதவியைப் பறிக்கும் ஓலையை அவனே எழுதி முத்திரைக்கு நீட்டினான். தாம் விடுத்த ஏவல் உம்மைச் சேராதது ஏன் என்று ஐயுற்று மன்னர் வழியோலையைக் கொணரச் செய்தார். மாறிய வரிசையையும் மாற்றிய கையெழுத்தையும் கண்டார்.

ஆதலின் கட்டளை இது. உம் பதவி உமதே. வெள்ளம் கரையை நெருங்குங்கால் ஏவலுக்குக் காத்திராது மதகைத் திறக்கும் உரிமையும் உமதே. சேந்தன் இனி ஓலை எழுதான். உம் சொற்கேட்டு மணற்குடி மதகிற் பலகை தூக்குவான். இதைக் கொணர்ந்து இப்போது உம் எதிரே நிற்பவன் அவனே. அவன் வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை என்பதையும் மறையாது எழுதுமாறு மன்னர் பணித்தார், எழுதினான்.

எழுதா நறுக்கில் வேங்கை முத்திரை இடப்பட்டது. ஏவல் முடிந்தது.