இருபத்தைந்து வருட ஒப்பந்தம்

அன்பு மகளுக்கு,

ஆர்லாண்டோவுக்கு வரச்சொல்லி நீ அனுப்பிய விமான டிக்கெட் கிடைத்தது. நான் வரவில்லை. கூரையில் பேட்டரியோடு சோலார் போட்டுவிட்டேன். திட்டுவதை இப்போதே ஆரம்பித்துவிடு.

உன் அப்பாவின் கணக்கு அறிவு உனக்குத் தெரியாததா! செலவில் மூன்றில் ஒரு பங்கை வாஷிங்டன் அரசு வருமான வரியில் கழித்துவிடும் என்று தெரு முழுக்கப் பெருமையடித்தேன். சோலார் கம்பெனிப் பெண் சிரித்துவிட்டாள்.

"ஐயா, நம்ம போர்ட்டோ ரிக்கோவுல அந்த வரியே கட்டறதில்லையே. கட்டாத வரியில எதைக் கழிப்பாங்க?"

அதனால் சோலாரை வாடகைக்கு எடுத்தேன். வரிச்சலுகை கம்பெனிக்கு, மாத வாடகை எனக்கு, இருபத்தைந்து வருடத்துக்கு. "உங்களுக்கு எழுபத்திமூணு ஆச்சே," என்று இழுத்தாள். "அதுவரைக்கும் உன் கம்பெனி தாங்குமான்னு பாரு," என்றேன்.

வீட்டை விற்கச் சொல்கிறாய். இந்த ஒப்பந்தத்தோடு யார் வாங்குவார்கள்? அதற்காகவே சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. நம் வீட்டில் போகவில்லை. எதிர்வீட்டு எரிபெர்ட்டோ இன்சுலினைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "யோவ், உன் ஓட்டைக் கூரைக்கு இப்பத்தான்யா ஒரு வேலை கிடைச்சிருக்கு!" மருந்தை ஃபிரிட்ஜில் என் பீருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவன் போனபின் சும்மா உன் அம்மாவின் ஆக்சிஜன் மெஷினைச் செருகிப் பார்த்தேன். புயலன்று கரண்ட் போனபோது அவள் மூச்சோடு சேர்ந்து நின்றது, நேற்றுதான் மறுபடி ஓடியது. கரண்ட் திரும்பி வரும்வரை நான் அதை அணைக்கவில்லை.

டிக்கெட்டை உன் பெயருக்கு மாற்றிக்கொண்டு நீ வா.

இங்கேயே இருக்கும்,
உன் அப்பா