ஒன்பதாம் பாகத்தில் வரும் தங்கை

தனேஸ் அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வற்றியதா?

ஞாயிறன்று நான் சமைக்கும் விடுதியில் பெட்ரீசியா, கார்மென், கென்னத், நான் இருந்தோம். கார் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகள். எல்லோரும் படிக்கும் அந்தக் குடும்ப நாவலின் ஒன்பதாம் பாகம் வந்துவிட்டது. அம்மா சாவுக்கு வராத தங்கையை அக்கா வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள்.

"ரோசமே இல்லாத பொம்பளைலா," என்றான் கென்னத்.

"அப்ப அந்தத் தங்கச்சிக்குப் பிரசவம்டா. ரெண்டாம் பாகத்துல இருக்கு, பாரு," என்றேன்.

புரட்டினார்கள், இருந்தது.

"பாட்டியா மன்னிக்கச் சொல்றது!" என்று கார்மென் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதிலிருந்து மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒரே அரிசியை மூன்று தடவை களைந்தேன். என் பழைய மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தனுப்புங்கள்.

தீபாவளிக்கு என் தங்கை நல்லம்மாள் வரலாமா என்று கேட்டீர்கள். வரட்டும், சோறு போடுங்கள். ஆனால் இரண்டு தெரு தள்ளி சும்மா இருந்தும் அம்மாவைத் தூக்கும்போது வராதவள் அவள். குழம்பு பொங்குகிறது, நிறுத்துகிறேன். நல்லம்மாளை மன்னிக்கமாட்டேன்.