ஏழு பேரில் உன் முறை

பொன்னேரி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சர்வீஸ் கடை. என் போன் சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷைத் தின்னரில் தோய்த்து, போர்டைத் தேய்க்கிறார். அந்த வாசனை வந்ததும் திரும்பிப் பார்த்தேன். நீ நிற்பாய் என்று நினைக்கவில்லை. உன்னிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். என்ன கேள்வி என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் பிடிபட்டது.

அதனால் இந்த மடல். நீ போய் நான்கு மாதம் ஆகிறது.

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் உன் கடை. ஒரு மேசை, ஒரு பல்பு, ஏரியில் விழுந்த போன்கள். விடியலில் அண்ணனோடு வலைக்குப் போவாய். பத்து மணிக்கு வந்து ஷட்டரைத் தூக்குவாய். கையில் மீன் வாசனை, அதன் மேல் தின்னர்.

நான் அப்போது ஓர் இணைய இதழில் மொபைல் விளையாட்டுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன் எழுதுகிறானே என்று நீயும் படித்தாய். பழுதுபார்த்த போனில் திரை சரியாகத் தெரிகிறதா என்று சோதிக்க என் கட்டுரையைத்தான் திறப்பாயாம். பெருமைப்படுவதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை.

"இன்னாடா எழுதிகீற? கண்ணைப் பறிக்கும் காட்சிகள்னு. மத்தியானம் படகுல குந்திகினு பாரு. உன் காட்சி ஒண்ணும் தெரியாது, உன் மூஞ்சிதான் தெரியும்."

மறுநாளே படகில் கூட்டிப்போனாய். உண்மைதான். வெயிலில் திரை முழுக்க என் முகம். அதன் பின்னால் எங்கோ ஒரு விளையாட்டு. உன் அண்ணன் விளையாடிப் பார்த்தார். ஈர விரலைத் திரை மதிக்கவில்லை. லுங்கியில் துடைத்துவிட்டுத் தொட்டார். செதில் ஒட்டியிருந்தது. நான்கு முறை தொட்ட பிறகு, "இது என்னை மனுஷன்னு ஒத்துக்கல" என்று திருப்பிக் கொடுத்தார்.

யாருடைய விரலை நினைத்து இவற்றைச் செய்கிறார்கள்? அந்தக் கேள்வியை வைத்து எழுதியதுதான் நான் எழுதியவற்றில் கொஞ்சம் உருப்படியான கட்டுரை. அதன் கடைசியில், இனி நானே ஒன்று செய்து பார்க்கப்போகிறேன் என்று எழுதிவிட்டேன். எழுதியதால் செய்ய வேண்டியதாயிற்று.

ஏரி, படகு, வலை. பெரிய பொத்தான்கள், வெயிலில் தெரியும் நிறங்கள். ஒரு முறை வலை போட்டு எடுத்தால் விளையாட்டில் ஒரு நாள் முடியும். கடைசியில் 'மறுபடியும்' என்று ஒரு பொத்தான். எங்கள் தொழிலில் எல்லாம் அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. ஆள் அதைத் தொட்டால் விளையாட்டு பிழைத்தது.

உன் கடை மேசையில் ஒரு பழைய போனில் அதை ஏற்றி வைத்தோம். பழுதுபார்த்த போனை வாங்க வருகிறவர்கள் பெயரைப் போட்டுவிட்டு விளையாடலாம். நான் காட்டூரில் வீட்டிலிருந்தபடியே தரவைப் பார்த்தேன். முதல் வாரம் முப்பத்தொரு பெயர்கள். எல்லோரும் ஒரு நாள் ஆடியிருந்தார்கள். முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட 'மறுபடியும்' தொடவில்லை.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். 'என் விளையாட்டு தோற்ற கதை' என்று ஒரு கட்டுரை எழுதினேன். காத்திருந்து வலை இழுக்கிறவர்களுக்குத் திரையில் காத்திருக்கப் பொறுமை இல்லை என்று அதில் ஒரு வரி. எழுதியபோது ஆழமாகத் தெரிந்தது. அதைப் படித்துவிட்டு நீ போன் செய்தாய்.

"வாடா நேர்ல."

"எதுக்கு?"

"உன்னை ஏரில தள்றதுக்கு."

வந்தேன். கடை வாசலில் ஐந்தாறு பேர். உங்கள் குப்பத்து வேலு அண்ணன் கையில் போன். வலை எடுத்தார், கொஞ்சம் இறால். 'மறுபடியும்' பொத்தான் திரையில் துடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. போனை அடுத்தவரிடம் நீட்டினார். அவர் தன் பெயரைப் போட்டார்.

"ஏன்ணா இன்னொரு வாட்டி ஆடல?" என்று கேட்டேன்.

வேலு அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என் முறை முடிஞ்சிதேப்பா."

"முறைன்னு ஒண்ணும் இல்லண்ணா இதுல. எத்தனை வாட்டி வேணா ஆடலாம்."

"நல்ல எடம் எனக்கே வந்துகினே இருந்தா இவன் இன்னா பண்ணுவான், கரையில குந்திகினு எண்ணுவானா?"

நீ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாடு என்ற சொல்லை நான் கேட்டதில்லை என்று சொல்ல முடியாது. ஏரியில் நல்ல இடமும் உண்டு, மோசமான இடமும் உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று குப்பத்தில் வைத்திருக்கும் முறைதான் பாடு. சீட்டுப் போட்டு வரிசை முடிவாகும். இன்று உனக்கு, நாளை இன்னொருவருக்கு, சுற்றி வரும். காட்டூரில் எங்களுக்கு நெல். வரப்புக்குள் இருப்பது நம்முடையது, அது எங்கும் நகராது. அந்த மூளையை வைத்துக்கொண்டுதான் ஏரியை வரைந்திருக்கிறேன். எட்டு மைல் தள்ளி வளர்ந்தவன்.

முப்பத்தொரு பேரும் ஆடி முடித்த பிறகு முதல் ஆள் திரும்ப வந்து, தன் பழைய பெயரிலேயே ஆடியிருந்தார். தரவில் அது எட்டாம் நாள் தெரிந்தது. நான் ஏழாம் நாளே கட்டுரையை அனுப்பியிருந்தேன்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்தோம். 'மறுபடியும்' போய், 'அடுத்தவர்' வந்தது. சோதித்துப் பார்க்க நீயும் குப்பத்தில் ஆறு பேருமாக ஏழு பேர், ஏழு போன்கள். வரிசையாக ஒவ்வொருவரும் வலை போட வேண்டும். ஏழாவது ஆளும் போட்டால்தான் அந்த நாள் முடியும், இடங்கள் மாறும். யாரும் யாரையும் தாண்ட முடியாது. நீதான் அதில் பிடிவாதம்.

"ஒருத்தர் வரலைன்னா?" என்று கேட்டேன்.

"வூட்டுக்குப் போயி கேப்பாங்க. இன்னாப்பா உடம்பு சரியில்லையானு."

"ஆப்ல எப்படிடா வீட்டுக்குப் போறது?"

"ஆப்பு போவாது. ஆளு போவான்."

அந்த விதியை நான் அப்படியே எழுதினேன். தாண்டுவதற்கு வழியே இல்லாத ஒரு நிரல். பாடப்புத்தகத்தில் இதற்குப் பிழை என்றுதான் பெயர்.

பெங்களூரில் ஒரு நிறுவனம் அதை வெளியிட முன்வந்தது. ஆறு மாதமாக ஒன்றும் நடக்காமல் இருந்த எனக்கு அந்த மின்னஞ்சல் எப்படி இருந்திருக்கும்? நைனா தினமும் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை கேட்டுப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். நிறுவனம் ஒரே ஒரு மாற்றம் கேட்டது. காத்திருக்கப் பிடிக்காதவர் ஒரு விளம்பரம் பார்த்தால் வரிசையைத் தாண்டலாம். இதற்கு நாம் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுவனம் வேறு விளையாட்டைப் பார்த்துக்கொள்ளும்.

நான் சரி என்று சொல்லிவிடலாம் என்றேன். நீ கையிலிருந்த பிரஷ்ஷை வைத்தாய்.

"ஒரு விளம்பரம் பாத்தா அடுத்தவன் முறை கிடைக்குமா?"

"ஆமா."

"அப்போ ரெண்டு பாத்தா உங்க நைனா நிலம் கிடைக்குமா? எழுதிக் குடுப்பாரா கேட்டுச் சொல்லு, உக்காந்து பாக்குறேன்."

"இது விளையாட்டுடா."

"அதான் கேக்குறேன். விளையாட்டுதானே, அதுல கூட காத்திருக்க முடியாதா?"

நீ எப்போதும் இப்படித்தான், பதில் இல்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவாய் என்று கத்தினேன். "உனக்கு வலை கீது, கடை கீது. எனக்கு இது ஒண்ணுதான்" என்றும் சொன்னேன். உன் பேச்சு என் வாயில் வந்ததை இருவருமே கவனித்தோம். அதற்கும் நீ சிரிக்கவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் பேசவில்லை. அதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை. மருத்துவமனைக்கு வந்தபோது கண் திறந்திருந்தாய். நிறைய பேர் இருந்தார்கள். விளையாட்டைப் பற்றிப் பேசும் இடமா அது. கையைப் பிடித்தேன். நீயும் பிடித்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

நிறுவனத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. அந்த மாத முடிவு வரை நேரம் கொடுத்திருந்தார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து, நீ போன இரண்டாம் வார முடிவில் சர்வரைத் திறந்தேன். ஒன்றும் நகரவில்லை. பதினேழு நாட்களாக விளையாட்டு ஒரே நாளில் நின்றிருந்தது. சர்வர் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆறு பேர் வலை போட்டிருந்தார்கள். ஏழாவது நீ.

யாரும் புகார் சொல்லவில்லை. ஆறு பேரும் தினமும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்கள். தரவில் அது இருக்கிறது. என்ன பார்த்திருப்பார்கள்? உன் பெயரும், அதன் கீழ் 'இவர் முறை' என்ற வரியும். வேறொன்றும் திரையில் இல்லை.

என்னால் ஒரு நிமிடத்தில் சரிசெய்திருக்க முடியும். தாண்டு என்று ஒரு வரி. அல்லது விளம்பரம். விரல் விசைப்பலகைக்கு மேல் நின்றது. அந்த வரியை எழுதினால் எல்லோருக்கும் எழுதியதாகிவிடும் என்று தெரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு வந்தேன்.

வேலு அண்ணன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அஞ்சலை அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தார். அவரும் அந்த ஏழு பேரில் ஒருவர். உன் தங்கை கலா கல்லூரிப் பையோடு வந்து நின்றாள்.

"ஏன் யாரும் சொல்லல?" என்றேன்.

"இன்னா சொல்றது?" என்றார் வேலு அண்ணன். "அவன் முறை நிக்குது. நாம எப்படி எடுக்கிறது?"

"நெஜத்துல ஒருத்தர் போயிட்டா என்னண்ணா பண்ணுவீங்க?"

"வூட்டுல கேப்போம். யாரு வராங்கனு வூடு சொல்லும். அண்ணன், தம்பி, புள்ளை."

உன் அண்ணனும் ஏழு பேரில் ஒருவர், அவருக்கு ஏற்கனவே முறை இருக்கிறது. அஞ்சலை அக்கா முறத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"கலா ஆடட்டும்."

வேலு அண்ணன் தயங்கினார். "ஏரில பொம்பளைக்குப் பாடு ஏதுக்கா?"

"ஏரில இல்ல. அப்போ ஒரு மாசமா நான் எதுல வலை போட்டுகினு கீறேன், என் முறத்துலயா? போன்ல காத்தடிச்சா உன் லுங்கி பறக்குதா?"

வேலு அண்ணன் சிரித்துவிட்டார். கலாவும். உன் சாவுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

உன் போன் அவளிடம்தான் இருந்தது. திறந்தாள். "எங்க போடணும்?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. அது அவள் முறை. பார்த்துப் பார்த்து ஓரிடத்தில் தொட்டாள், மோசமான இடம். இரண்டு நண்டு. வேலு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஏழு போன்களிலும் ஒரே நேரத்தில் நாள் மாறியது.

பெயரை மாற்றவா என்று கேட்டேன். கலா யோசித்தாள். "வேணாம்ணா. முறை நான் எடுத்துக்கிறேன். பேர் அப்படியே இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் நிறுவனத்துக்கு மூன்று வரி எழுதினேன். தாண்டும் வழி இருக்காது. ஓர் ஆட்டக்காரர் இல்லாமல் போனால், மற்றவர்கள் அவர் வீட்டில் கேட்க, வீடு சொல்லும் ஆள் வருவார். இதை விளக்கிச் சொல்ல நேரில் வரத் தயார். அவர்கள் வரச்சொல்லவில்லை. வேறு விளையாட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது பதினான்கு குழுக்கள் ஆடுகின்றன. எல்லாம் ஏரியைச் சுற்றி. பெரிய எண்ணிக்கை இல்லை. துறைமுகத்தில் ஓர் அலுவலக வேலைக்கும் சேர்ந்திருக்கிறேன். நைனாவுக்கு நிம்மதி. கட்டுரை எழுதுவதை விடவில்லை. ஆனால் ஒருவர் ஏன் ஆடாமல் போனார் என்று எழுதுவதற்கு முன் இப்போது நேரில் போய்க் கேட்கிறேன். பாதி நேரம் அவர் போகவே இல்லை என்று தெரிகிறது.

உன்னிடம் கேட்க நினைத்தது இதுதான். தாண்ட முடியாதபடி எழுதச் சொன்னபோது, இப்படியும் ஒரு நாள் நிற்கும் என்று உனக்குத் தோன்றியதா? இல்லை, எனக்குத்தான் எல்லாவற்றிலும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறதா?

உங்கள் குழுவில் கலாதான் கடைசி. கல்லூரி விட்டு ரயிலில் ஏறிய பிறகுதான் ஆடுவாள், சில நாள் மறந்தும் போவாள். அதுவரை என் திரையில் உன் பெயர், அதன் கீழ் 'இவர் முறை'. நினைவூட்டல் அனுப்ப ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். அதை நான் இதுவரை தொட்டதில்லை.