அப்பான்ர பாட்டு

12 நவம்பர் 1991, செவ்வாய். எட்மண்டன், கனடா.

அம்மா நித்திரை. போர்வைக்குள் எழுதுகிறேன்.

இன்று வயலின் வகுப்பில் ஆசிரியை ஒரு பழைய ஸ்கொட்லாந்து மெட்டை வாசித்தார். யாழ்ப்பாணத்தில் அப்பா எனக்கு வயலினில் வாசித்துக் காட்டும் அதே பாட்டு! நான் யோசிக்காமல் எழுந்து, "இது என்னுடைய அப்பா செய்த பாட்டு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"இதற்கு ஏற்கெனவே இரண்டு பேர் போட்டி. உன் அப்பா மூன்றாவதா?" என்றார் ஆசிரியை. ஒருவர் இயற்றினாராம். இன்னொருவர் அதை ஊரூராக வாசித்தாராம். சனங்கள் வாசித்தவரின் பெயரையே பாட்டுக்கு வைத்துவிட்டார்களாம். அதனால் யாருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லையாம்.

அப்பா என்னிடம் பொய் சொன்னாரா? மாசி மாதத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய கடிதமே இல்லை. அம்மா அழுவார் என்று அவருடைய பேச்சை நான் எடுப்பதில்லை. இன்று சாப்பிடும்போது பயந்து பயந்து கேட்டேன்.

"அவர் எப்ப, பிள்ளை, தான் செய்தது எண்டு சொன்னவர்? ரேடியோவில கேட்டுப் பிடிச்சது. நீதான் சின்னனில 'அப்பான்ர பாட்டு, அப்பான்ர பாட்டு' எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனி" என்று அம்மா சிரித்தார். கனநாளுக்குப் பிறகு சிரித்தார்.

"அப்ப அது அப்பான்ர இல்லையா?"

"அவரை மாதிரி ஆர் வாசிச்சது? நல்லா வாசிச்சவர்."

வாசிச்சவர். வாசிப்பார் என்று அம்மா சொல்லவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பாட்டு யாருடையதாகவும் இருக்கட்டும். அப்பா வந்து ஒருமுறை அதை வாசித்தால் போதும்.